ஜெர்மனிக்குக் கற்பனைப் போர்க்கப்பல் வரையப் போறீங்களா: 1918-ஆ, 1928-ஆ, 1939-ஆ?

மூணு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டிருக்காங்க. ஒருத்தருக்கு கைசர் (முதல் உலகப் போர் வரைக்கும் ஆண்ட ஜெர்மன் பேரரசர்) காலத்துக் கடற்படை அழியாம தொடர்ந்திருந்தா எப்படி இருக்கும்னு வரையணும். இன்னொருத்தருக்கு ஹிட்லர் காலத்து ராட்சசப் போர்க்கப்பல் பிஸ்மார்க்கை விடப் பெருசா ஒண்ணு வேணும். மூணாவது ஆள் எல்லாத்தையும் ஆரம்பிச்சு எதையும் முடிக்காம ஆறு ஃபைல் வச்சிருக்கார். எதுல இருந்து ஆரம்பிக்கறதுண்ணே, இதான் கேள்வி.

கப்பலை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல வருஷத்தை முடிவு பண்ணுங்க. நிஜ வரலாறும் உங்க கதையும் எந்த வருஷத்துல பிரியுதோ, பீரங்கி சைஸ், இன்ஜின், டன் எல்லாமே அந்த வருஷத்துல இருந்துதான் வரும். கப்பலை வரைஞ்சுட்டு அதுக்கு ஒரு வரலாறு தேடினா எங்கயாவது இடிக்கும்.

நான் முதல்ல வரைஞ்சதைச் சொல்றேன், சிரிச்சுட்டு மேல படிங்க. நீளம் 250 மீட்டர், அகலம் 36, ட்ராஃப்ட் (தண்ணிக்குள்ள முங்கற ஆழம்) 10, எடை 35,000 டன் (1922 வாஷிங்டன் ஒப்பந்தத்துல ஒரு போர்க்கப்பலுக்கு லிமிட் அதுதானே), 38 செமீ (குழலோட வாய் அகலம்) பீரங்கி பன்னெண்டு. படம் சும்மா அம்சமா இருந்துச்சு. இதே பைத்தியம் புடிச்ச ஃப்ரெண்ட் ஒருத்தன் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம கால்குலேட்டரை எடுத்தான். "250, 36, 10 மூணையும் பெருக்கு, உப்புத் தண்ணிக்கு 1.025 பெருக்கு, 92,250 வருது. இப்ப உன் 35,000-ஐ அதால வகு. 0.38. டேய் இது கப்பல் இல்லடா, கத்தி." தண்ணிக்குள்ள இருக்கற பெட்டில எத்தனை பங்கை ஹல் (கப்பலோட உடம்பு) நிரப்புதுங்கற கணக்கு அது, பிளாக் கோஎஃபிஷியன்ட்னு சொல்வாங்க. பிஸ்மார்க் ஃபுல் லோடுல 0.56 பக்கம் வரும். டிஸ்ட்ராயர்ங்கற சின்ன வேகமான கப்பல் கூட 0.38 அளவுக்கு ஒல்லியா இருக்காது. என் பெட்டிக்கு ஒழுங்கான ஹல் போட்டா 51,000 டன்னைத் தாண்டுது, அதாவது ஒப்பந்தத்தை நான் முதல் நாளே மீறிட்டேன், அதுவும் எனக்கே தெரியாம.

## எதை வச்சு எடை போடறது

முதல் விஷயம், எதிரி யாரு, சண்டை எங்க. பால்டிக்ல ரஷ்யாவைத் தடுக்கற கப்பலும் அட்லாண்டிக்ல சரக்குக் கப்பல் வேட்டையாடற கப்பலும் ஒண்ணா இருக்கவே முடியாது, முன்னதுக்கு கவசம், பின்னதுக்கு ரேஞ்ச். ரெண்டாவது, டன் லிமிட் யார் போட்டது, ஒப்பந்தமா, பார்லிமென்ட் பட்ஜெட்டா, வெறும் உங்க ஆசையா.

மூணாவது கதவு. இதைத்தான் எல்லாரும் மறக்கறாங்க. ஜெர்மன் கடற்படையோட உயிர்நாடி கீல் கால்வாய், 98 கிலோமீட்டர், 1895-ல திறந்தாங்க, ட்ரெட்நாட்னு சொல்ற பெரிய போர்க்கப்பல் போகணும்னு 1914-க்குள்ள அகலப்படுத்தினாங்க. பெரிய லாக் (கால்வாய் வாசல்ல கப்பல் நுழையற தண்ணித் தொட்டி) 310 மீட்டர் நீளம், 42 மீட்டர் அகலம், கால்வாய் ஆழம் 11 மீட்டர். உங்க கப்பல் இதுல நுழையலன்னா பால்டிக்ல இருந்து நார்த் ஸீக்கு வர டென்மார்க்கைச் சுத்தணும். எச்-44னு ஜெர்மன் டிசைனர்கள் போட்ட ஒரு ஸ்டடி பார்த்திருப்பீங்க, 345 மீட்டர் நீளம், 51.5 மீட்டர் அகலம். அது லாக்குக்குள்ள எந்தப் பக்கம் திருப்பினாலும் போகாது, காகிதத்துலயே இருந்து காகிதத்துலயே ரிட்டயர் ஆன கப்பல்.

நாலாவது இன்ஜினும் எரிபொருளும். "அவன் பெரிய எம்டன்டா"ன்னு நம்ம ஊர்ல சொல்றோமே, 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்துல எண்ணெய் டாங்கைக் கொளுத்திட்டுப் போன அந்த எம்டன் ஒரு சின்ன க்ரூஸர்தான், 10.5 செமீ பீரங்கி 10. பிரிட்டிஷ் க்ரூஸர் மாதிரி தெரியணும்னு நாலாவதா ஒரு போலி புகைபோக்கி வேற நிறுத்தி வேஷம் கட்டின கில்லாடி. ஆனா அதுக்கு தினம் தினம் தலைவலி குடுத்தது எதிரியை விட நிலக்கரி. புடிச்ச கப்பல்ல இருந்து கரி எடுத்து எடுத்துதான் ஓடுச்சு. நவம்பர் 9 கோகோஸ் தீவுல ஆஸ்திரேலியாவோட சிட்னிங்கற க்ரூஸர் வந்து முடிச்சு வச்சது தனிக்கதை. வெளிநாட்டுல நிலக்கரி ஸ்டேஷன் இல்லாத நாடு தூரக் கடல்ல சண்டை போட்டா இதான் நிலைமைங்கறதை ஜெர்மன் டிசைனர்கள் மறக்கல, நீங்களும் மறக்காதீங்க.

அஞ்சாவது உங்க உழைப்பு. நிஜ பிளான் எவ்ளோ கிடைக்குது, எவ்ளோ நீங்களா கற்பனை பண்ணணும், ஒரு கப்பல் போதுமா இல்ல ஃப்ளீட்டே வரையணுமா. கீழ டேபிள்ல வெர்சாய்னா முதல் உலகப் போர் முடிஞ்சு ஜெர்மனி மேல போட்ட ஒப்பந்தம், பிளான் இசட்னா 1939-ல ஹிட்லர் கடற்படை போட்ட பெரிய கட்டுமானத் திட்டம்.

| | 1918 கைசர் தொடர்ச்சி | 1928 வெர்சாய் கட்டு | 1939 பிளான் இசட் |
|---|---|---|---|
| டன் | நீங்க எழுதற சமாதானத்தைப் பொறுத்தது | 10,000 | லிமிட் இல்லாத மாதிரி தெரியும் |
| பெரிய பீரங்கி | 35, 38, 42 செமீ | 28 செமீ | 38, 40.6 செமீ |
| இன்ஜின் | டர்பைன், கரியும் எண்ணெயும் | டீசல் | டீசல், ஹை பிரஷர் ஸ்டீம் |
| எதிரி | பிரிட்டன், நார்த் ஸீல | பிரான்ஸ், போலந்து | பிரிட்டன், அட்லாண்டிக்ல |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | வரலாற்றையே திருத்தணும் | எல்லாமே கிலோ கணக்கு | எண்ணெய், ஆட்சி |
| முதல் தடவை வரையறவங்களுக்கு | கஷ்டம் | இதான் | வேணாம் |

## 1918: கைசர் கடற்படை தொடர்ந்தா

அழகுன்னா இதான் அழகு. கட்ட ஆரம்பிச்சு முடிக்காத மெக்கன்ஸன் வகை இருக்கு, 35 செமீ 8, நாலு கப்பல் தொடங்கி ரெண்டு தண்ணில இறங்கி ஒண்ணு கூட சர்வீஸுக்கு வரல. அதுக்கு அடுத்து 38 செமீ போட்ட எர்ஸாட்ஸ் யார்க். அதுக்கும் மேல 42 செமீ 8 பீரங்கியோட எல் 20 இ ஆல்ஃபா டிசைன். அதனால சும்மா இல்லாததைக் கண்டுபிடிக்க வேண்டாம், பாதி கட்டினதை முடிச்சாலே போதும்.

இந்தக் கப்பல்களுக்கு ஒரு குணம் இருக்கு, அதை வரையறப்போ காட்டணும். உள்ள சின்னச் சின்ன அறையா பிரிச்சுத் தள்ளியிருப்பாங்க, ஏன்னா துறைமுகத்துல இருக்கறப்போ ஆளுங்க பேரக்ஸ்ல தங்கினாங்க, கப்பல்ல சொகுசு பெருசா தேவைப்படல. 1916 ஜட்லாண்ட் கடற்சண்டைல செய்ட்லிட்ஸ்ங்கற கப்பல் 5,000 டன்னுக்கு மேல தண்ணி குடிச்சுட்டு மூக்கு முங்கின நிலைமைல வீடு வந்து சேர்ந்துச்சுன்னா அந்தப் பிரிவுதான் காரணம். அதே சண்டைல லுட்ஸோவ்ங்கற கப்பல் திரும்பல, முன்பக்கம் டார்பிடோ ரூம்னு ஒரு பெரிய திறந்த இடம் இருந்துச்சு, அங்க இருந்து தண்ணி பரவிடுச்சு. நீங்க 1920-க்கு அப்புறம் வரையறீங்கன்னா அந்த டார்பிடோ ரூமை எடுத்துடுங்க, அந்த ஒரு திருத்தத்துலயே இவன் படிச்சுட்டு வரைஞ்சிருக்கான்னு தெரிஞ்சுடும்.

இப்ப செலவு. நிஜத்துல 1918 அக்டோபர் கடைசில மாலுமிங்களே கடைசிச் சண்டைக்குப் போக மாட்டேன்னுட்டாங்க, 1919 ஜூன் 21 தோத்த ஜெர்மன் கப்பல்களை பிரிட்டன் நிறுத்தி வச்சிருந்த ஸ்காபா ஃப்ளோல 74 கப்பல்ல 52-ஐ அவங்களே முக்கிட்டாங்க. இதெல்லாம் நடக்காம இருக்கணும்னா 1916 வாக்குல ஒரு சமாதானத்தை நீங்க எழுதியாகணும், அதுக்கு பிரான்ஸ், ரஷ்யா, ஆஸ்திரியா எல்லாத்தையும் இழுக்கணும். கப்பல் வரைய வந்தவன் ராஜதந்திர நாவல் எழுதற நிலைமை.

இன்னொண்ணு ரொம்பப் பேர் கவனிக்காதது: அந்தக் கப்பல்கள்ல கரி பங்கர் வெறும் எரிபொருள் அறை கிடையாது, பக்கவாட்டு பாதுகாப்போட ஒரு பாகம். 1930-ல மாடர்னைஸ் பண்றேன்னு எண்ணெய்க்கு மாத்தினா அந்தக் கரிச்சுவர் போயிடும், அதுக்குப் பதில் என்னன்னு வரையணும், அநேகமா பல்ஜ் (பக்கவாட்டுல வெளிய துருத்தற கூடுதல் அறை) போடணும், பல்ஜ் போட்டா அகலம் கூடும், அகலம் கூடினா திரும்ப லாக் கணக்கு.

## 1928: பத்தாயிரம் டன் கட்டுக்குள்ள

என் ஓட்டு இதுக்குத்தான், அதனால இங்க கொஞ்சம் நேரம் நிப்பேன்.

வெர்சாய்ல ஜெர்மனிக்கு விட்டு வச்சது பழைய போர்க்கப்பல் 6, லைட் க்ரூஸர் 6, டிஸ்ட்ராயர் 12, டார்பிடோ போட் 12, ஆளுங்க 15,000. நீர்மூழ்கி கூடவே கூடாது. பழசுக்குப் பதில் புதுசு கட்டலாம், போர்க்கப்பல்னா 10,000 டன், க்ரூஸர்னா 6,000, டிஸ்ட்ராயர்னா 800. இவங்களால கடலோரக் காவல் கப்பலைத் தவிர வேற எதுவும் கட்ட முடியாதுங்கறதுதான் லிமிட் போட்டவங்க கணக்கு. ஜெர்மன் டிசைன் ஆபீஸ்லயும் முதல்ல அந்தத் திசைல ஒரு ஸ்கெட்ச் இருந்துச்சு, 38 செமீ நாலு, வேகம் 22 நாட் (மணிக்கு 22 கடல் மைல்). எதிர்த் திசைல 32 நாட் ஓடற மெல்லிசான க்ரூஸர் ஸ்கெட்ச். கடைசில கடற்படைத் தலைவர் அட்மிரல் ஸென்கர் நடுவுல ஒண்ணைப் புடிச்சார்: 28 செமீ 6, டீசல் இன்ஜின், 26 நாட்டுக்கு மேல. 1929-ல கீல் நகரத்துல ஆரம்பிச்சு 1933-ல சேர்ந்த டாய்ச்லாந்து அதுதான். எடையைக் குறைக்க ரிவெட்டை விட்டு வெல்டிங்குக்குப் போனாங்க, அப்படியும் 10,000-க்குள்ள அடங்கல.

இதோட சாமர்த்தியம் என்னன்னா, டாய்ச்லாந்தைத் துரத்திப் புடிக்கற வேகம் உள்ள கப்பலுக்கு அதை அடிக்கற பலம் இல்ல, பலம் உள்ளதுக்கு வேகம் இல்ல. பிரிட்டன்ல ஹூட், ரினவுன், ரிப்பல்ஸ்னு மூணே மூணு கப்பல்தான் ரெண்டும் சேர்ந்தது. டாய்ச்லாந்து 20 நாட் வேகத்துல 10,000 கடல் மைல் ஓடும், எம்டன் பட்ட கரிக் கஷ்டத்துக்கு இதான் பதில்.

இந்தத் தடத்துல வரையறதுல இருக்கற சுகம் என்னன்னா ஒவ்வொரு முடிவையும் பேப்பர்லயே சரிபார்த்துடலாம். உதாரணத்துக்கு ஒருத்தர் கேட்டார், 28 செமீயை எடுத்துட்டு 20.3 செமீ 8 போட்டா என்ன, வேகமா சுடுமேன்னு. பார்ப்போம். 28 செமீ மூணு குழல் டரெட் (பீரங்கி சுழல்ற கவசக் கூண்டு) ஒண்ணு சுமார் 600 டன், ரெண்டுக்கு 1,200. 20.3 செமீ ரெட்டை டரெட் ஒண்ணு சுமார் 250, நாலுக்கு 1,000. மிச்சம் 200 டன். ஆனா நாலு டரெட்டுக்கு நாலு பார்பெட் (டரெட்டுக்குக் கீழ இருக்கற கவச உருளை), நாலு மேகஸின் (வெடிமருந்து அறை), கவசம் மூட வேண்டிய நீளம் கூடும், அந்த 200 அங்கயே கரைஞ்சுடும். சரி, அடி எவ்ளோ? 28 செமீ குண்டு 300 கிலோ, ஆறு சேர்ந்து 1,800, நிமிஷத்துக்கு ரெண்டரை தடவைன்னு வச்சா 4,500 கிலோ. 20.3 செமீ குண்டு 122 கிலோ, எட்டு சேர்ந்து 976, நிமிஷத்துக்கு நாலு தடவைன்னா 3,900 சொச்சம். அவ்ளோ பெரிய வித்தியாசம் இல்லையேன்னு தோணும், ஆனா 300 கிலோ குண்டு எந்த க்ரூஸரோட கவசத்தையும் தூரத்துல இருந்தே ஓட்டை போட்டுடும், 122 கிலோ குண்டு சமமான எதிரி கூட மல்லுக்கட்டும். அதனால 28 செமீ சரியான முடிவுதான். 10,000 டன் கட்டு இல்லன்னா இந்தக் கேள்வியே வந்திருக்காது, ரெண்டையும் போட்டுத் தள்ளியிருப்போம்.

வேகமும் அப்படித்தான். 26-ல இருந்து 30 நாட்டுக்கு ஏத்தறேன்னு சுலபமா எழுதிடலாம், தேவையான சக்தி ஒண்ணரை மடங்குக்கு மேல ஏறும், டீசல்ல அது அப்படியே எடை.

செலவு இங்கயும் இருக்கு. முதலாவது, இந்தச் சாமர்த்தியத்துக்கு ஆயுள் கம்மி. பிரான்ஸ் 1932 டிசம்பர்ல டன்கெர்க்கைத் தொடங்கிடுச்சு, 26,500 டன், 33 செமீ 8, 29 நாட்டுக்கு மேல. டாய்ச்லாந்து சேவைல சேர்றதுக்கு முன்னாடியே அதைத் துரத்தற கப்பல் கட்டுமானத்துல. ரெண்டாவது, டீசல் அதிர்வு, கருவிகளைப் படுத்தி எடுத்துச்சு. மூணாவது எனக்கு ரொம்பப் பிடிச்ச சின்ன விஷயம்: 1939 டிசம்பர் 13 ரிவர் ப்ளேட் சண்டைல டாய்ச்லாந்தோட தங்கைக் கப்பல் கிராஃப் ஷ்பே மூழ்கற அளவுக்கு ஒண்ணும் அடி வாங்கல, ஆனா டீசலுக்கு எண்ணெயைச் சுத்தம் பண்ற பிளான்ட் கவசத்துக்கு வெளிய இருந்து அடிபட்டுடுச்சு. சுத்தம் பண்ணாத எண்ணெயை வச்சு ஜெர்மனி வரைக்கும் எப்படிப் போறது. நாலு நாள்ல மான்டிவிடியோ வெளில அவங்களே வெடி வச்சு முக்கிட்டாங்க. நீங்க வரையறப்போ பெல்ட் (பக்கவாட்டுக் கவசம்) 80 மிமீயா 100 மிமீயான்னு மூணு நாள் யோசிப்பீங்க, இந்த மாதிரி ஒரு பிளான்ட் எங்க இருக்குன்னு ஒரு நிமிஷம் கூட யோசிக்க மாட்டீங்க. நானும் யோசிச்சதில்ல.

சின்னக் கப்பல்ல இந்தக் கட்டு இன்னும் மோசம். 6,000 டன்ல 15 செமீ 9 பீரங்கி போட்ட க்யோனிக்ஸ்பெர்க் வகை க்ரூஸர் பார்க்க ஜம்முனு இருக்கும், பின் டரெட் ரெண்டும் நடுக்கோட்டுல இல்லாம ஆளுக்கொரு பக்கம் தள்ளி வேற நிக்கும், ஆனா அட்லாண்டிக் அலைக்கு உடம்பு தாங்காது.

கதைக்கும் இதுல நல்ல தீனி இருக்கு. 1928 தேர்தல்ல சோஷியல் டெமாக்ரட் கட்சி, பான்ஸர்க்ரூஸர் (இந்த டாய்ச்லாந்துதான்) வேணாம், பசங்களுக்குச் சாப்பாடு போடுன்னு பிரச்சாரம் பண்ணி ஜெயிச்சு, அதே வருஷம் ஆகஸ்ட்ல அவங்க தலைமைல இருந்த அரசே அந்தக் கப்பலுக்குப் பணம் ஒதுக்குச்சு. நம்ம ஊர் அரசியல் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். வைமார்னு சொல்ற இந்த ஜெர்மன் ஜனநாயகம் 1933-ல சாகாம பிழைச்சிருந்தா அடுத்த கப்பல் எப்படி இருக்கும்? ஹிட்லர் இல்லாத ஒரு ஜெர்மன் கடற்படையை வரைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியல.

## 1939: பிளான் இசட் முடிஞ்சிருந்தா

எல்லாருக்கும் முதல்ல கை போறது இங்கதான். 1935 ஜூன் 18 பிரிட்டன் கூட ஒப்பந்தம், பிரிட்டிஷ் டன்ல 35 சதவீதம் வரைக்கும் கட்டலாம்னு. 1939 ஜனவரில பிளான் இசட், போர்க்கப்பல் 10, கேரியர் (விமானம் தாங்கிக் கப்பல்) 4. அதுல எச்-39ங்கற போர்க்கப்பலுக்கு எட்டு 40.6 செமீ பீரங்கி, பன்னெண்டு டீசல், 30 நாட். ஒரு சால்வோ (எல்லா பெரிய பீரங்கியும் ஒரே நேரத்துல சுடறது) எவ்ளோ அடிக்கும்னு பாருங்க: ஷார்ன்ஹோர்ஸ்ட் (ஏற்கனவே கட்டின 28 செமீ கப்பல்) ஒம்போது 330 கிலோ குண்டு, 2,970 கிலோ. பிஸ்மார்க் எட்டு 800 கிலோ, 6,400. எச்-39 எட்டு 1,030 கிலோ, 8,240. நம்பர் மயக்கும், ஒத்துக்கறேன்.

ஆனா எண்ணெய்? அந்த ஃப்ளீட் முழுசா ஓடினா, 1938-ல ஜெர்மனி மொத்த நாடும் சேர்ந்து எரிச்சதை விட அதிக எண்ணெய் கடற்படைக்கு மட்டும் வேணும். அந்த எண்ணெய்லயும் பாதிக்கு மேல வெளிநாட்டுல இருந்து கப்பல்ல வர்றது. சண்டை ஆரம்பிச்சா நின்னுடும். நிஜத்துல 1939 செப்டம்பர் வந்தவுடனே எச் வகைல தொடங்கியிருந்த ரெண்டையும் நிறுத்தி அப்புறம் உடைச்சுட்டாங்க. ஸ்டீம் பக்கம் போனா அங்கயும் தலைவலி: ப்ரின்ஸ் ஆய்கன்ங்கற க்ரூஸர் 1941-ல பிஸ்மார்க்கை விட்டுப் பிரிஞ்சு தனியா வேட்டைக்குப் போய் இன்ஜின் கோளாறுல ப்ரெஸ்ட் துறைமுகத்துல போய் ஒதுங்குச்சு.

இன்னொரு செலவை நேராவே சொல்லிடறேன். இந்த ஃப்ளீட் முடியணும்னா நாஜி ஆட்சி 1940-கள் கடைசி வரைக்கும் சண்டையே இல்லாம நிக்கணும், அதை நீங்க ஒரு பேக்ரவுண்ட் பாராவுல கடந்து போயிட முடியாது. படம் மட்டும் போதும், கதை வேணாம்னா சரி. கதை எழுதறீங்கன்னா கப்பல் கட்டின கைகள் யாரோடதுன்னு கேள்வி வரும், வரணும்.

நல்லதும் இருக்கு, இல்லன்னு சொல்லல. ரெஃபரன்ஸ் கொட்டிக் கிடக்கு. நார்வேல ஆஸ்ட்ராட்ல க்னைஸனா போர்க்கப்பலோட 28 செமீ டரெட் ஒண்ணு கடலோர பீரங்கியா இன்னும் நிக்குது, உள்ள மாடி மாடியா கீழ இறங்கற படங்கள் பார்த்தீங்கன்னா டரெட்னா மேல தெரியற பெட்டி மட்டும் இல்லன்னு ஒரே நாள்ல புரிஞ்சுடும். அதே நார்வேல ட்ரோன்டெனஸ்ல எச் வகைக்குன்னு செஞ்ச 40.6 செமீ பீரங்கியே இருக்கு.

கேரியர் வரையணும்னு நினைக்கறவங்களுக்கு சுருக்கமா: கிராஃப் ஸெப்பலின் 1938 டிசம்பர்ல தண்ணில இறங்கிச்சு, கடைசி வரைக்கும் முடியல. கேரியர்ல 15 செமீ பீரங்கி 16 எதுக்குங்கறது எனக்கு இன்னும் விளங்கல. விமானம் எல்லாம் கோயரிங்கோட லுஃப்ட்வாஃப (விமானப்படை) கைல. கப்பலை வரைஞ்சுடுவீங்க, பைலட் யார் கட்டளைல பறப்பான்னு முடிவு பண்ணாம அது மிதக்கற ஷெட்டுதான்.

## சரி, உங்களுக்கு எது

படம் வரையறது மட்டும்தான் சந்தோஷம், ஷிப்பக்கெட் (கப்பல் படம் வரையறவங்களோட வெப்சைட்) ஸ்டைல்ல அடிக்கு ரெண்டு பிக்சல்னு உக்காந்து ஒவ்வொரு படகையும் வைக்கப் போறீங்கன்னா 1918, கண்ணை மூடிட்டு. அந்தப் புகைபோக்கியும் மாஸ்ட்டும் வேற எதுலயும் கிடைக்காது. பெரிய உலகம், பல நாடு, பல வருஷம்னு எழுதற ஆளுக்கும் அதான். கேம்ல ஓட்ட ஒரு ராட்சசன் வேணும்னா 1939 எடுத்துக்கோங்க, லாக் அகலத்தை மட்டும் மதிங்க. ஸ்ப்ரிங்ஷார்ப்ல (கப்பல் கணக்கு போடற சாஃப்ட்வேர்) நம்பர் போட்டு ஹல் ஸ்டிரெங்த் (உடம்பு தாங்கற பலம்) 1.00-க்கு மேல வர்ற வரைக்கும் தூங்காத ஆளா இருந்தா 1928. ஆறு ஃபைல் வச்சிருக்கற தம்பி, உங்களுக்கும் 1928தான், ஒரே கப்பல், அதை முடிச்சுட்டு அடுத்ததைத் திறங்க.

நான் இப்ப வைமார் பிழைச்ச உலகத்துல 1934-க்கு ஒண்ணு போட்டுட்டு இருக்கேன், அதே 10,000 டன், அதே ஆறு பீரங்கி. எண்ணெய் சுத்தம் பண்ற பிளான்ட்டைக் கவசத்துக்குக் கீழ இறக்கினேன், உடனே பின் மேகஸினை ரெண்டு மீட்டர் தள்ள வேண்டியதாப் போச்சு, இப்ப ஸ்டிரெங்த் 0.97-ல நிக்குது. அரை நாட் வேகத்தைக் குறைச்சா வந்துடும். நேத்து ராத்திரி வரைக்கும் குறைக்க மனசு வரல.